நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய்



பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நாம் ஓயாமல் சொல்லிக் கொடுக்கிறோம். நாம் கண்டிக்கும் அந்தப் பொய் பெரும்பாலும் பிறரிடம் சொல்லும் பொய்தான். ஆசிரியரிடம், கடைக்காரரிடம், கிராணியிடம் சொல்லும் பொய். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு பொய். அதைச் சொல்பவரும் நாமே, கேட்பவரும் நாமே, கடைசியில் ஏமாந்து நிற்பவரும் நாமே. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று இதைச் சொல்வார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகமே இருண்டுவிட்டது என்று எண்ணியதாம். அந்தப் பழமொழி பூனைக்காகச் சொல்லப்பட்டதன்று, நமக்காகச் சொல்லப்பட்டது.

"சொல்பவனுக்கே உண்மை தெரியுமே! தெரிந்த ஒன்றைத் தனக்கே எப்படி மறைக்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உண்மையை முழுவதும் பார்த்துவிட்டு அதை இல்லை என்று மறுப்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் செய்வது வேறு. உண்மை தெரியப் போகிற இடத்துக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். அரசாங்க முத்திரையிட்ட கடிதம் வருகிறது. பிரித்தால் என்ன இருக்குமோ என்ற பயம். பிரிக்காமலேயே சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறோம். காலில் பட்ட காயம் மூன்று வாரமாக ஆறவில்லை. கிளினிக்குக்குப் போனால் டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவார். ஆகவே, "இது வெறும் கல் தடுக்கிய காயம், தானே ஆறிவிடும்" என்கிறோம். பார்க்காமல் இருப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்கிறோம். பிறகு அந்தக் காரணத்தையும் நம்பிவிடுகிறோம்.

இதை அறியாமையோடும் நம்பிக்கையோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாதவனுடையது அறியாமை. அதில் குற்றமில்லை. நம்பிக்கை என்பது வேறு. ரப்பர்க் கன்றை நட்டுவிட்டு ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறோமே, அது நம்பிக்கை. ஏனென்றால் அந்த ஆண்டுகளில் புல் வெட்டுகிறோம், உரம் போடுகிறோம், கன்று செத்த இடத்தில் வேறு கன்று வைக்கிறோம். நம்பிக்கை உள்ளவன் கை வேலை செய்துகொண்டிருக்கும். தன்னை ஏமாற்றிக்கொள்பவனும் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசுவான். ஆனால் அவன் கை சும்மா இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை.

மனிதன் ஏன் இப்படிச் செய்கிறான்? நம் நாடு விடுதலை அடைந்த அதே 1957-ஆம் ஆண்டில், லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு எண்ணங்களை நெடுநேரம் சேர்த்து வைத்திருக்க மனிதனால் இயலாது, அந்த வேதனை தாங்காமல் ஏதாவது ஒன்றை வளைத்துவிடுவான் என்பது அவர் கருத்து. 1959-இல் அவரும் கார்ல்ஸ்மித் என்பவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும், அடுத்து வருபவரிடம் "இது சுவையான வேலை" என்று பொய் சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதற்குச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர் கூலி. பிறகு தனியாக அழைத்து, "உண்மையில் வேலை எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். 20 டாலர் வாங்கியவர்கள் சலிப்பாக இருந்ததென்றே சொன்னார்கள். 1 டாலர் வாங்கியவர்களோ, "பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது" என்றார்கள்.

வியப்பாக இருக்கிறதல்லவா? 20 டாலர் வாங்கியவனுக்குப் பொய் சொன்னதற்கு ஒரு காரணம் கையில் இருக்கிறது. 1 டாலர் வாங்கியவனுக்கு அது இல்லை. "அற்பக் காசுக்கா பொய் சொன்னேன்?" என்ற உறுத்தலைத் தாங்க முடியாமல், சொன்ன பொய்யையே உண்மையாக்கிக்கொண்டான். பெரிதாக இழந்து சிறிதாகப் பெற்றவனே தன்னை அதிகமாகச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வட்டாரத்துக்கு வருவோம்.

படிக்காத ஏழைகள்தாம் இப்படி ஏமாறுவார்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்த நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர்களைப் பாருங்கள். சிங்கப்பூரை எவராலும் வீழ்த்த முடியாத கோட்டை என்று சொல்லிச் சொல்லி அதைத் தாங்களே நம்பினார்கள். மலாயாக் காட்டைக் கடந்து படை வர முடியாது என்றார்கள். ஜப்பானியருக்குக் கண் பார்வை மந்தம், விமானம் ஓட்டத் தெரியாது என்று கேலி பேசினார்கள். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை விமானங்களே மூழ்கடித்தன. 1942 ஜனவரி தொடக்கத்தில் ஜப்பானியப் படகுகள் நம் கோலசிலாங்கூர்க் கடலோரத்துக்கே வந்துவிட்டன. ஜனவரி 11-இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தன. படிப்பு இருந்தது, பதவி இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கையைக் கேட்கும் மனந்தான் இல்லை.

இனி நம் கதை. புக்கிட் ரோத்தான், ஜெரம், ஈஜோக், அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊர் ஆகியவற்றைச் சுற்றிய தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். இந்நாட்டில் வாணிப முறையில் செம்பனை முதன்முதல் பயிரான தென்னமரம் தோட்டம் நம் அண்டையில்தான் இருக்கிறது. 1917-இல் அங்கே செம்பனை நடப்பட்டது. அந்தக் காலத்து லயங்களில் வாழ்ந்த பாட்டன்மார் பலரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருக்கும். நல்ல வேட்டி ஒன்று, சேலை ஒன்று, சிறிது பணம் அதில் இருக்கும். "இன்னும் இரண்டு வருசம். கடனை அடைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவோம்" என்பார்கள்.

தொடக்கத்தில் அது பொய்யன்று. கங்காணிகளோடு கப்பலேறியவர்கள் திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். பலர் போகவும் செய்தார்கள். ராஜுலா கப்பலைப் பற்றி நம் பெரியவர்கள் பேசாத நாளில்லை. 1938-இல் இந்திய அரசு, மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. பிறகு போர் வந்தது. பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தார்கள். ஊரில் இருந்த நிலம் பங்காளியிடம் போயிற்று. கடிதப் போக்குவரத்தும் நின்றது. ஆனாலும் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. "இன்னும் இரண்டு வருசம்" என்ற பேச்சும் இருந்தது. எந்த ஆண்டில் அது திட்டம் என்ற நிலையிலிருந்து சமாதானம் என்ற நிலைக்கு மாறியதென்று எவராலும் சொல்ல முடியாது. தன்னேமாற்றம் அப்படித்தான் வரும். வாசலில் நின்று கூப்பிடாது.

ஏன் அதை விடவில்லை? ஒரு டாலர் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் தந்தையை விட்டு, கடல் தாண்டி, காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களுக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு. "இவ்வளவுக்குத்தானா வந்தோம்?" என்ற கேள்வியைத் தாங்க முடியாது. "ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்" என்றால் எல்லாம் தற்காலிகம் ஆகிவிடுகிறது. ஒழுகும் கூரையும் தற்காலிகம், துரையின் ஏச்சும் தற்காலிகம். அந்தச் சொல் அவர்களுக்கு ஒரு மருந்தாக இருந்தது.

மருந்துக்கு விலை உண்டு. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி திறந்தது. முதல் ஓராண்டு காலத்தில் மலாய் மொழித் தகுதிகூடப் பலருக்குத் தளர்த்தப்பட்டிருந்தது. "போகப் போகிறவனுக்குப் பத்திரம் எதற்கு?" என்று எத்தனையோ பேர் இருந்துவிட்டார்கள். அந்தக் காலம் கடந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு அவர்கள் நின்றார்கள். குடிமக்கள் அல்லாதார் குறிப்பிட்ட வேலைகளைச் செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1969-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தற்காலிகம் என்று எண்ணியிருந்த வேலை உண்மையாகவே தற்காலிகம் ஆயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், போகச் சொன்னபோது அழுதார்கள். தங்கள் வீடு எது என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாட்டனைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனுவை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அலுவலகம் தொலைவில் இருந்தது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். சட்டத்தின் வாசல் குறுகலாகவும் இருந்தது. மனுச் செய்தும் கிடைக்காதவர்கள் உண்டு. வெளியில் இருந்து வந்த அநீதியையெல்லாம் "உன் மனமயக்கம்" என்று தலையில் கட்டுவது, இன்னொரு வகை ஏமாற்று வேலை. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நம் கைக்கு எட்டிய பங்கு எது? அதையாவது செய்தோமா?

அந்தப் பங்கைச் செய்தவர்களும் உண்டு. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அதுவரை, "துரை இருக்கிறார், தோட்டம் இருக்கிறது, லயம் இருக்கிறது" என்று இருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. லயத்து வீடு நமது வீடன்று, வேலையோடு ஒட்டிய வீடு என்ற உண்மை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாசலில் கறிவேப்பிலை நட்டு, கோயில் கட்டி, மூன்று தலைமுறை வாழ்ந்த பிறகு அதை நினைக்க எவருக்கும் மனம் வராது. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அந்த உண்மையை நினைக்க வைத்தது. தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். நாள் கூலி சில வெள்ளியே வாங்கியவர்களுக்கு 10 வெள்ளி பெரிய பணம். கட்டினார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. இவர்களும் கனவு கண்டவர்கள்தாம். ஆனால் இவர்கள் கை வேலை செய்தது.

எல்லாரும் அப்படிச் செய்தோமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. பிறகு பல தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறின. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தோட்டக் குடும்பங்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை நாம் அறிவோம். அவர்கள் காத்திருந்தது மயக்கமன்று, உரிமைக்கான போராட்டம். ஆனால் மற்றத் தோட்டங்களில், "நம் தோட்டத்தை விற்கமாட்டார்கள்" என்று, அளவுக்கோல் போட வந்தவர்களைப் பார்த்த பின்னும் சொன்னவர்களை நாம் மறக்க முடியாது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடலாமா? நம் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம்.

முதலில் உடம்பு. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியரிடையே இந்த விகிதம் மற்றவர்களைவிட உயர்ந்து நிற்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லை, நான் வெயிலில் வேலை செய்கிறவன்" என்று சொல்லும் நம் அண்ணன்மார் அந்தப் பாதியில் இருக்கலாம். பரிசோதனைக்குப் போகாததனால் சர்க்கரை வராமல் போகாது. பரிசோதனை நோயைக் கொண்டுவருவதில்லை. அங்கே இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து நாலு நம்பர். கனவில் பாம்பு வந்தால் ஒரு எண், கார் மோதினால் அதன் எண். மொத்தம் 10,000 எண்கள். ஒரு வெள்ளி கட்டிப் பெரிய பந்தயத்தில் முதல் பரிசு விழுந்தால் 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு 180 வெள்ளி வீதம் பத்து, 60 வெள்ளி வீதம் பத்து. பத்தாயிரம் எண்களையும் ஒரே ஆள் ஒவ்வொரு வெள்ளி போட்டு வாங்கினால் என்ன ஆகும்? கொடுப்பது 10,000 வெள்ளி. எல்லாப் பரிசையும் அவரே வாங்கினாலும் கைக்கு வருவது 6,400 வெள்ளி. கணக்கு இவ்வளவு எளிது. ஆயினும், "ஒரு எண் தள்ளிப் போயிற்று, அடுத்த வாரம் நிச்சயம்" என்கிறோம். பத்தாண்டாக விட்ட பணத்தை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அந்த வலிக்கு மருந்தாக இன்னொரு சீட்டு வாங்குகிறோம்.

குடியும் அப்படியே. "நான் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்" என்பார் ஒருவர். அந்த நாளை இருபது ஆண்டாக வந்துகொண்டே இருக்கிறது. அவர் மனைவிக்கும் அது தெரியும். ஆனால், "அவர் நல்ல மனிதர், குடித்தால்தான் இப்படி" என்று அவரும் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து ஒரே பொய்யைக் காத்துவந்தால், அது உண்மையைவிட உறுதியாகிவிடுகிறது. நடுவில் நிற்கும் பிள்ளை மட்டும் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிள்ளையின் படிப்பும் இதில் சேரும். "என் மகன் கெட்டிக்காரன், பெரிய பரீட்சையில் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். மதிப்பெண் அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது உள்ளே இருப்பதைப் படிக்கிறோமா? காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். பொன்னையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, இந்த மயக்கத்திலிருந்து விடுபடுவது எப்படி? அதற்குப் பெரிய நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் தொழிலே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

செம்பனையில் குலை வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்து, "சிவப்பாகத்தான் தெரிகிறது" என்று வெட்டிவிடுவதில்லை. முதலில் குனிந்து மரத்தடியைப் பார்க்கிறார். உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் குலை பழுத்திருக்கிறது. விழவில்லையென்றால், மேலே எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அது காய்தான். காயை வெட்டினால் எண்ணெயும் குறைவு, கூலியிலும் பிடிப்பார்கள். மேலே தெரிவது நம் ஆசை. கீழே கிடப்பது சான்று.

வாழ்க்கையிலும் அப்படியே உதிரிப் பழத்தைத் தேட வேண்டும். "அடுத்த வருசம் வீடு வாங்குவேன்" என்று சொன்னால், இந்த மாதம் வங்கியில் எவ்வளவு போட்டோம் என்று கேட்க வேண்டும். "குடியை விட்டுவிட்டேன்" என்றால், கடைசியாகக் குடிக்காமல் இருந்தது எத்தனை நாள் என்று எண்ண வேண்டும். "பேத்திக்குப் பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது" என்றால், பெட்டியைத் திறந்து பிறப்புப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 12 வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பிழை தெரிந்து தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது வழி, நமக்குப் பிடிக்காததைச் சொல்லக்கூடிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது. மூத்த அக்காவாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், நம் சொந்த மகளாகவும் இருக்கலாம். அவர் சொல்லும்போது கோபம் வரும். எந்தப் பேச்சுக்கு அளவுக்கு மீறிக் கோபம் வருகிறதோ, அந்த இடத்தில்தான் நாம் எதையோ மூடி வைத்திருக்கிறோம். மூன்றாவது, "நாளைக்கு" என்ற சொல்லுக்கு ஒரு தேதி போடுவது. தேதி இல்லாத நாளை என்றும் வராது.

நேயர்களே, உண்மையைப் பார்ப்பது சுகமான காரியமன்று. முதல் நாள் வலிக்கும். ஆனால் பாட்டன் கட்டிலுக்கு அடியில் வைத்த பெட்டியை நாம் நம் கட்டிலுக்கு அடியிலும் வைத்திருக்க வேண்டியதில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு கடிதம் பிரிக்காமல் இருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் பிரியுங்கள். உள்ளே இருப்பது கெட்ட செய்தியாகவே இருக்கட்டும். தெரிந்த கெட்ட செய்திக்கு மறுநாள் காலையில் ஏதாவது செய்ய முடியும்.